எட்டாத கால்

கியர் வண்டி ஓட்டக் கற்றுத்தரும் ஷாயினாவுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் இவள் அவளை "டீச்சர்" என்பாள், அவள் இவளை "அக்கா" என்பாள். உயரத்தில் இரண்டு பேருமே ஐந்தடிக்குக் கீழே.

பால் சங்கத்தில் மாடுகளுக்கு ஊசி போடும் வேலை புஷ்பத்துக்குக் கிடைத்திருந்தது. மலையடிவாரத்து ஊர்களுக்குச் சங்கத்து மோட்டார் சைக்கிளில்தான் போகமுடியும். லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. எட்டு வடிவக் கோட்டில் கால் தரையில் படாமல் ஓட்டிக் காட்டவேண்டும். இவளோ இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் பாதியில் காலை ஊன்றிவிட்டாள். மூன்றாவது டெஸ்ட் புதன்கிழமை. அதற்கு மேல் சங்கம் காத்திருக்காது.

திங்கட்கிழமை காலையில், புஷ்பம் தன் தம்பியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மைதானமே அதிரக் கூப்பிட்டபடி வந்தாள்.

"டீச்சர்! ஓடி வாங்க! ஜெயிச்சிட்டேன்!"

போய்ப் பார்த்தால், சீட்டுப் பஞ்சில் இரண்டு அங்குலம் காணோம். வெட்டித் தைத்திருக்கிறாள். காலில் கனத்த பூட்ஸ், அதற்கும் அடியில் டயர் ரப்பர் ஒட்டியிருக்கிறது. என்ன மூளை பாருங்கள்!

"ரெண்டு காலும் எட்டுது டீச்சர்! இனி டெஸ்டுக்கு எந்த பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாலும் எனக்கென்ன?"

"ஓட்டுங்க பாப்போம்."

பத்தடி போகவில்லை. மடங்கிய முழங்கால் ஹேண்டில் பாரில் இடித்தது. கியர் மாற்றப் போனால், பூட்ஸ் நுனி கியருக்கு அடியில் நுழையவே இல்லை. வண்டி திணறி நின்றது. அப்படியே வண்டியோடு புல்லில் சாய்ந்தாள்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் புஷ்பத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"குட்டையாப் பொறந்தவ இதுல எப்படித்தான் டீச்சர் உக்கார்றது?"

டீச்சர் சுண்ணாம்புத்தூளை எடுத்து வந்து தரையில் ஒரு எட்டு போட்டாள்.

"இதுல ஓட்டும்போது கால் எங்கக்கா இருக்கணும்?"

"வண்டி மேல."

"கீழ வச்சா?"

"ஃபெயிலு."

"அப்ப எதுக்குக் காலத் தரைக்கு எட்ட வச்சீங்க?"

"விழுந்துட்டா?"

"போன ரெண்டு தடவையும் விழுந்தீங்களா?"

புஷ்பம் மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள்.

"விழல. தரை எம்புட்டுத் தூரம்னு குனிஞ்சு பாத்தேன். வண்டி ஆடிச்சு. ஊனிட்டேன்."

டீச்சர் தன் வண்டியில் ஏறினாள். கம்பெனியில் வந்த அதே சீட்டு, கையே வைக்கவில்லை. இடுப்பை இடது பக்கம் சற்று நகர்த்தி, இடது பாதத்தை அழுத்தமாக ஊன்றினாள். வண்டி அசையாமல் நின்றது.

"ஐயோ! உங்களுக்கும் ரெண்டு கால் எட்டாதா?"

"இன்னைக்குத்தான் பாக்கிறீங்களா?"

பதினைந்து நாளாக எதிரே நின்று கற்றவளுக்கு வெட்கமாகிவிட்டது. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். டீச்சர் ஸ்பானரை எடுத்து, தம்பி வண்டியின் ஹேண்டில் பாரைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி முடுக்கினாள். சீட்டில் பஞ்சு பழையபடி ஏறியது. முழங்கால் இடிக்கவில்லை, தோள் இழுக்கவில்லை. இரண்டு நாளும் இடுப்பை நகர்த்தி நிற்பதும், நேராக உட்கார்ந்து கிளம்புவதும்தான் பயிற்சி.

புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"என்னம்மா, உனக்கு எட்டுமா?"

"எட்டாது சார். எட்டு போடுவேன்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பினாள். முதல் வளைவு. கண் நிமிர்ந்தே இருந்தது. நடுவில் வண்டி லேசாக ஆடியது. மைதான ஓரத்தில் டீச்சர் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பம் குனியவில்லை. இரண்டாவது வளைவும் திரும்பியாயிற்று! எட்டு முடிந்தும் அவள் நிறுத்தவில்லை, இன்னொரு எட்டு போட்டாள்!

"போதும்மா, பாஸு! நிறுத்து!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

நேரே டீச்சர் முன்னால் கொண்டுவந்து, இடுப்பை நகர்த்தி, ஒற்றைக் காலை ஊன்றி நிறுத்தினாள்.

"வேலை எனக்குத்தான் டீச்சர்! எனக்குத்தான்! ஆனா ஒண்ணு, வந்து நின்னப்போ இந்த வலது காலு அந்தரத்துல சும்மாதானே தொங்கிச்சு?"

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தாள். பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"அதுவும் தரைக்கு வந்திருந்தா, வண்டிய யாருக்கா நிப்பாட்டியிருப்பா?"