தொட்டா பேர் சொல்லும் படம்

தன் தோப்பைப் பள்ளிக்கூடம் கட்ட வித்துரணும்னு துடிச்சாரு பஞ்சாயத்துத் தலைவர் வேங்கடபதி. "வெள்ளமே வராத எடம்னு நாளைக்கு கிராமசபையில படம் போட்டுக் காட்டு. இல்லன்னா வேலைக்கே வராத!"

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செண்பகவல்லி தலையாட்டிட்டா.

மறுநாள் கிராமசபையில, தொடுதிரையில ஊரோட வரைபடம்; ஓரத்துல மழை அளவைக் கூட்டுற கோடு. "ஐயா, மழைய உங்க கையாலயே ஏத்துங்க."

தலைவர் பெருமையா அந்தக் கோட்டுல விரலை மேல இழுத்தாரு. வெள்ளத்தைக் காட்டுற நீலம் பரவி, மொத வேலையா அவரு தோப்பை முழுங்குச்சு.

"எந்தப் பொய்யன்டி குடுத்தான் இந்தத் தகவலை?"

"படத்துல தோப்பைத் தொடுங்கய்யா, குடுத்தவரு பேரு வரும்."

தொட்டாரு. போன வெள்ளத்துக்கு நிவாரணம் கேட்டு எழுதுன மனு வந்து நின்னுச்சு: 'தோப்பில் கழுத்தளவு தண்ணீர். இப்படிக்கு, வேங்கடபதி.'

"நம்ம தலைவரைப் போயி பொய்யன்னு சொல்லாதீங்கய்யா"ன்னா செண்பகவல்லி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. தண்ணி ஏறாத மேட்டுத்தெருவுல பள்ளிக்கூடம்னு முடிவாச்சு. மொதக் கை தூக்குனதே தலைவர்தான்!