சுனையைச் சுற்றி ஒரு கோடு

ஒரு பாறைக் குன்றின் உச்சியில் சுனை ஒன்று இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாது. அதில் ஓர் ஆமை வாழ்ந்தது. மானும் முயலும் உடும்பும் அங்கே வந்துதான் தண்ணீர் குடிக்கும். அக்கம்பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது.

அதே குன்றில் ஒரு மயிலும் இருந்தது. தோகையை நீவிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஒரு நாள் அடிவாரத்தில் பெருச்சாளி வளை தோண்டியபோது, பளபளவென்று ஒரு கல் வெளியே வந்து விழுந்தது. மயில் பார்த்துவிட்டது. அவ்வளவுதான்!

"இந்த மாதிரிக் கற்களைப் பரப்பி, மேலே நின்று நான் ஆடினால் எப்படி இருக்கும்! தோண்டு, தோண்டு! நான் கொத்தி வரும் தானியத்தில் உனக்குப் பாதி!"

பெருச்சாளிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தோண்ட ஆரம்பித்தது.

விஷயம் ஆமையின் காதுக்கு எட்டியது. "ஏன் மயிலே, குன்றைக் குடைந்தால் என் சுனை என்னாவது?"

"ஐயோ அக்கா! சுனையைத் தொடுவோமா? அது நம் பொக்கிஷம் ஆயிற்றே!" மயில் வெள்ளைக் கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து, சுனையைச் சுற்றி அழகாக ஒரு கோடு போட்டது. "இதற்குள் யாரும் தோண்டக் கூடாது. காவல் நீங்கள்தான்!"

காவல் என்றதும் ஆமையின் கழுத்து ஒரு முழம் நீண்டுவிட்டது.

சில நாளில் உடும்பு ஓடி வந்தது. "அக்கா, கீழே பாறை விரிசல் விடுகிற சத்தம் கேட்கிறது! வந்து பாருங்கள்!"

"கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"வெளியேதான். ஆனால்..."

"அப்புறம் என்ன ஆனால்? முதலில் கோட்டை மிதிக்காமல் தள்ளி நில்!"

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஆமை வெயிலைத் திட்டியது. பிறகு மான்குட்டிகளைத் திட்டியது. "குடித்தே தீர்த்துவிடுவீர்கள் போலிருக்கிறதே!" பாவம், அவை பாதித் தாகத்தோடு திரும்பிப் போயின.

ஒரு காலையில் ஆமையின் வயிறு சேற்றைத் தொட்டது. அப்போதுதான் பயந்துபோய்க் கீழே இறங்கியது.

அங்கே பெருச்சாளி குடைந்த பொந்திலிருந்து தண்ணீர் கொட்டி, மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மயில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கத்தியது: "நான் ஆடக் கல் பரப்பிய மேடையெல்லாம் ஈரம்! யார் இங்கே தண்ணீர் ஊற்றியது?"

"அது என் சுனை," என்றது ஆமை.

"அதெப்படி? கோடு அப்படியே இருக்கிறதே!"

பெருச்சாளி மண்ணையும் கல்லையும் பொந்தில் திணித்துப் பார்த்தது. தண்ணீர் அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. மழை வந்தது, சுனை நிறைந்தது, விரிசல் வழியே அதுவும் போய்விட்டது. மயில்தான் முதலில் பறந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"நீங்களும் வாருங்கள் அக்கா," என்றது தாய் மான்.

"அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம்?"

மான் ஆமையின் கால்களைப் பார்த்தது.

"நீ குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போ அம்மா. உடும்பு சொன்ன அன்றைக்கே நான் இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்." ஆமை காய்ந்த சேற்றில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

சுனையை மட்டும் காத்தால் போதும் என்று குன்றைத் தோண்டக் கொடுத்தவர்களுக்கு, குன்றும் மிஞ்சாது, சுனையும் மிஞ்சாது.