டி டிரைவில் இருந்த பாட்டு

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள் பூங்கோதை. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவளிடம் தொழில் பழக வந்தவர் அருளானந்தம். வயதில் அவளைவிட மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் வடிவு என்றொரு பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள்.

"விண்டோஸ் ஓட மாட்டேங்குது. புதுசா போட்டுக் குடுங்க. டி டிரைவை மட்டும் தொட்டுராதீங்க. செத்துப்போன எம் மக பாடினது அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

அருளானந்தம் உட்கார்ந்தார். திரையில் டிஸ்க்கே காட்டவில்லை.

"டிஸ்க் செத்துப்போச்சு டீச்சர்."

"அதுக்குள்ள சாகடிச்சிராதீங்க அண்ணாச்சி. டிரைவர் புரோகிராமை ஏத்தாம விண்டோஸுக்கு டிஸ்க் எப்படிக் கண்ணுல படும்?"

பென்டிரைவிலிருந்து டிரைவரை ஏற்றினாள். டிஸ்க் வந்து நின்றது. பிறகு தன் பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனாள்.

அடுத்த தகராறு. டிஸ்க் சி, டி என்று தனித்தனிப் பிரிவுகளாக இருந்தது. இந்தப் பிரிவில் போட முடியாது என்று அடம்பிடித்தது விண்டோஸ். திரும்பத் திரும்ப அதே பதில். எரிச்சலில், காயலான் கடை மெஷின்களுக்குச் செய்கிற மாதிரியே, இருந்த பிரிவுகளையெல்லாம் வரிசையாக அழித்தார். கடைசியும் போன பிறகுதான் வடிவு சொன்னது உறைத்தது.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணாச்சி?" பிள்ளையின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள் பூங்கோதை.

"சரியாத்தான் இருக்கு டீச்சர்."

பழையபடியே சி, டி என்று இரண்டு பிரிவு போட்டார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று டி-யை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தெடுக்கிற முழு ஃபார்மேட்டும் கொடுத்தார். விண்டோஸ் பளிச்சென்று வந்தது.

சாயங்காலம் வடிவு டி-யைத் திறந்தாள். வெறுமை.

"பாட்டு எங்க அண்ணே?" என்றாள் அருளானந்தத்திடம்.

பூங்கோதை லேப்டாப்பை வாங்கி வைத்து, தெரிந்த வழியெல்லாம் தேடினாள். ஒன்றும் மீளவில்லை. வடிவு திட்டவில்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

"அழிச்சிட்டேன் டீச்சர். பாவி, அந்தப் பிரிவை அழிச்சிட்டேன்."

பூங்கோதை தன் வீட்டு டிஸ்க்கை எடுத்து மாட்டினாள். அவள் பிள்ளையின் படங்கள் திரை நிறையச் சிரித்தன.

"இந்தப் பிரிவை அழிங்க."

"ஐயோ டீச்சர், பிள்ளை படம்!"

"அழிங்கன்னா அழிங்க."

அழித்தார். அவள் ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"வேலியைப் பிடுங்கினா வெள்ளாமை போயிருமா அண்ணாச்சி?"

"அப்போ... அந்தப் பாட்டு எப்போ போச்சு டீச்சர்?"

"நான் வாசல்ல நின்னு கேட்டேன்ல, எல்லாம் சரியா இருக்கான்னு? அப்போகூட இருந்துச்சு."