யாருக்குன்னு செடிகிட்ட சொல்லணும்

ம் கொட்டுவியாடி? கொட்டாம கண்ணை மூடிக்கிட்டு கெடந்தேன்னா அத்தை நிறுத்திருவேன். சுவத்துக்கு கதை சொல்ற ஆளு நான் இல்ல. ம். சரி, போர்வையை இழுத்துக்கோ.

ஒரு மலைமேல, மேகம் வாசல் வரைக்கும் வந்துட்டு போற உசரத்துல, ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுல வெள்ளச்சின்னு ஒருத்தி இருந்தா. வயசு அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும். இடுப்பு வளைஞ்சு போயி, நடந்தான்னா தரையில எதையோ தொலைச்சுட்டு தேடுற மாதிரியே நடப்பா. ஏன் வளைஞ்சுது? சும்மா வளையல. படுத்த படுக்கையா கெடந்த அப்பனை தூக்கி குளிப்பாட்டி, சுனையில இருந்து தண்ணி தூக்கி, சாமைக்காட்டுல களை புடுங்கி வளைஞ்சுது. கல்யாணம் ஆகலையான்னு கேப்ப. யாருடி பண்ணி வைக்கறது? பண்ணி வைக்க வேண்டிய தம்பிதான் டவுனுக்கு ஓடிட்டானே.

அந்தத் தம்பி பேரு கரியராமன். போயி பதினெட்டு வருஷம் ஆச்சு. அதுல ரெண்டே ரெண்டு தடவைதான் மலையேறி வந்தான். ஒரு தடவை, பலாப்பழம் வாங்கிட்டு போறதுக்கு. இன்னொரு தடவை, அப்பன் செத்தப்போ. அதுவும் எடுத்து அடக்கம் பண்ணுனதுக்கு அப்புறம்தான் வந்தான், மூக்குல கர்ச்சீப்பை வச்சுக்கிட்டு.

ம்.

அப்புறம், அந்த மலையில ஒரு வழக்கம் இருந்துச்சு. வீட்டுப் பெரியவரு செத்துட்டாருன்னா, அடுத்த ஆடிப்பெருக்கு அன்னிக்கு, அந்த வம்சத்து ஆளுங்க கீழ இருந்து ஏழு மேடு ஏறி, உச்சியில இருக்கற எல்லைக்கல்லுக்கு போகணும். தன் கால்லயே நடக்கணும். தூக்கிட்டு போக கூடாது, குதிரை கூடாது. யாரு முதல்ல கல்லுல மஞ்சள் பூசுறாங்களோ, வீடும் காடும் அவங்களுக்கு.

ஆடிப்பெருக்கு நெருங்குனதும் கரியராமன் பொட்டியை கட்டிக்கிட்டு வந்துட்டான். பாசமா? பாசமாவது கீசமாவது! ஓட்டை பிரிச்சுட்டு நாலு கண்ணாடி ரூமு கட்டி, டவுன்காரங்களை கூட்டிட்டு வந்து தங்க வைக்கப் போறானாம். "அப்போ நான்?"னு வெள்ளச்சி கேட்டா.

"உனக்கென்னக்கா? கீழ நல்ல முதியோர் இல்லமா பார்த்து சேத்துடறேன். வேளைக்கு சோறு, டிவி எல்லாம் இருக்கும்"னான்.

அப்பனை அத்தனை வருஷம் பார்த்தவளுக்கு அவன் குடுக்கற பரிசு அது. எனக்கு இதை சொல்லும்போதே வயிறு எரியுது.

இன்னொருத்தன் இருந்தான், சடையன்னு. சித்தப்பன் மகன், பங்காளி. அவன் மட்டும் யோக்கியமா? வீடு கெடைச்சா வெள்ளச்சிக்கு மாட்டுக் கொட்டாய்ல ஒரு மூலை தர்றேன்னு பெரிய மனசு பண்ணி சொன்னவன். ஆனா அவன் பலா மரத்துல இருந்து விழுந்து ஒரு காலு விளங்காம, கட்டையை ஊணிக்கிட்டு டொக்கு டொக்குன்னு நடந்தான். ஏழு மேடு எங்க ஏறுறது? அதனால கரியராமனுக்கு ஒரே தெம்பு.

ஆனா ஒரு சங்கதி. நம்ம கரியராமனுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. டவுன்ல உக்காந்தே கெடந்தவன்ல? பஸ்ஸு நிக்கற எடத்துல இருந்து ஊருக்குள்ள வர்றதுக்குள்ள முட்டி களுக்கு களுக்குன்னு சத்தம் போடுது. எதிர்ல வந்தவங்க "என்னப்பா நொண்டுற?"ன்னு கேட்டா, "ஷூ புதுசு, கடிக்குது"ங்கறான். வந்த அன்னிக்கே டீக்கடையில உக்காந்துக்கிட்டு, "எனக்கு ஒரு வியாதி கெடையாது, தினம் ஜிம்முக்கு போறவன்"னு தொடையை தட்டி காட்டுனான். தட்டுனதுல வலிச்சுது. பல்லை கடிச்சுக்கிட்டான்.

ம்? முழிச்சிட்டு இருக்கியா? ம்.

அப்போ முட்டிக்கு மருந்து வேணும்ல? மலையில மருந்துக்கா பஞ்சம்? வேலியில முடக்கத்தான், ஓடையோரம் நொச்சி, பாறையில முடவாட்டுக்கால் கிழங்கு. அங்க பொறந்தவன், எல்லாம் தெரியும். ஆனா அந்த மலைச் செடியை சும்மா பறிக்க முடியாது. செடிக்கு முன்னாடி நின்னு, யாருக்கு, எந்த எடத்துல வலின்னு மூணு தடவை சத்தமா சொல்லணும். மெதுவா முணுமுணுத்தா செல்லாது, அதுங்களுக்கு காது மந்தம். சொல்லாம பறிச்சா கை அரிப்பெடுத்து வீங்கிரும். யாரு பேரை சொல்றோமோ, அவங்களுக்குத்தான் மருந்து வேலை செய்யும். யாரு தின்னாலும் சரி.

கரியராமன் காலையில வேலிக்கு போனான். முடக்கத்தான் கொடி பச்சை பசேல்னு ஏறி கெடக்குது. வாயை தொறந்தான். அந்த நேரம் பார்த்து தண்ணிக்கு போற பொம்பளைங்க நாலு பேரு சளசளன்னு பேசிக்கிட்டு வர்றாங்க. தொறந்த வாயை இவன் டப்புனு மூடிக்கிட்டான். எனக்கு முட்டி வலின்னு இவளுங்க முன்னாடி எப்படி சொல்றது? ஜிம்மு மானம் போயிருமே! சுத்தும் முத்தும் பார்த்தான். கொட்டாய்ல ஒரு கெழட்டு ஆடு, நாலு மாசமா எழுந்திரிக்காம படுத்து கெடக்குது.

"எங்க ஆட்டுக்கு! முட்டியில வலி! எங்க ஆட்டுக்கு!"ன்னு மூணு தடவை கத்துனான்.

பறிச்சுட்டு வந்து, அக்காவை அரைக்க சொல்லி, மாவுல கலந்து ஆறு தோசை தின்னான். யாரு அரைச்சது? வெள்ளச்சி. யாரு சுட்டது? வெள்ளச்சி. இவன் தின்னுட்டு காலை நீட்டி உக்காந்துட்டு இருந்தான், இப்போ சரியாகும் அப்போ சரியாகும்னு. திடீர்னு கொட்டாய்ல தடதடன்னு சத்தம். அந்த கெழட்டு ஆடு எகிறி குதிச்சு வருது! கொடியில காஞ்ச இவன் சட்டையை இழுத்து பாதியை தின்னுட்டு, மீதியை வாயில கவ்விக்கிட்டு ஓடிருச்சு. இவன் துரத்தலாம்னு எழுந்தான். களுக்கு! பொத்துன்னு உக்காந்துட்டான்.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும். ம்.

அப்புறம் ரெண்டாம் நாளு ஓடைக்கு போனான், நொச்சி தழை ஒடிக்க. அங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனைச்சான். பார்த்தா, ஊரே துணி துவைக்குது. திரும்பி வந்துருக்கலாம்ல? அதுக்கும் வெக்கம். "எங்க அக்காவுக்கு! இடுப்புல வலி! எங்க அக்காவுக்கு!"ன்னு மூணு தடவை கத்துனான். துவைக்கற பொம்பளைங்க எல்லாம், "ஆஹா, என்ன பாசம் பாரு"ன்னு கண்ணை தொடச்சுக்கிட்டாங்க. அது அவனுக்கு நல்லா இனிச்சுது. தொண்டையை செருமிக்கிட்டு இன்னொரு தடவையும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து தழையை வதக்கி தன் முட்டியில வச்சு இறுக்கி கட்டிக்கிட்டான். பாசக்காரன்! ஒரு தழை அக்காவுக்கு குடுத்தானா? குடுக்கல. ஆனா மலை ஏமாறுமா? அடுப்புகிட்ட குனிஞ்சு ஊதிக்கிட்டு இருந்த வெள்ளச்சிக்கு இடுப்புல சுரீர்னுச்சு. அப்புறம் மடக், மடக், மடக்னு மூணு சத்தம். மெதுவா நிமிர்ந்தா. நிமிர்ந்தவளுக்கு பரண்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுது. ஜன்னல் வழியா எதிர்மலை தெரிஞ்சுது. அத்தனை வருஷமா அவ காலையும் மண்ணையும்தான் பார்த்துட்டு இருந்தா, பாவம். அப்படியே நின்னு அழுதா.

கரியராமன் பார்த்தான். "என்னக்கா, உசரமாயிட்ட? சரி, காபி போடு"ன்னான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

ம்.

அப்புறம் மூணாம் நாளு. மறுநாள் ஆடிப்பெருக்கு. இனிமே இருக்கறது பாறையில மொளைக்கற முடவாட்டுக்கால் கிழங்குதான். மேலெல்லாம் ரோமம் மொளைச்சு ஆட்டுக்காலு மாதிரியே இருக்கும், மிளகு தட்டிப்போட்டு சூப்பு வைப்பாங்க. இவன் தவழ்ந்து தவழ்ந்து பாறைக்கு போனான். அன்னிக்கும் வழியெல்லாம் ஆளுங்க, கோயிலுக்கு தோரணம் கட்டுறாங்க. டீக்கடைக்காரன் வேற, "என்ன ஜிம்மு, பாறை மேல என்ன பண்ற?"ன்னு கத்துறான். இவனுக்கு மூளை வேலை செய்யல. யாரு பேரை சொல்லலாம், யாரு பேரை சொல்லலாம்னு தேடுனான். எதிர்ல டொக்கு டொக்குன்னு வர்றது யாரு?

"சடையனுக்கு! கால்ல வலி! பங்காளி சடையனுக்கு!"

கூமுட்டை! உலகத்துல வேற பேரே இல்லையா? டீக்கடைக்காரன் பேரை சொல்லியிருக்க கூடாதா? ரெண்டு தடவை பட்டும் புத்தி வராதவனை என்ன பண்றது? இவனுக்கு அப்பவும் நம்பிக்கை, தின்னவன் நான்தானே, எனக்கும் கொஞ்சம் ஒட்டாமலா போகும்னு. ஒரு சட்டி சூப்பையும் சுர்ர்ர்னு உறிஞ்சி குடிச்சான். அதுக்குள்ள தெருவுல சத்தம். சடையன் கட்டையை தூக்கி எறிஞ்சுட்டு திங்கு திங்குன்னு குதிக்கறான்! ஊர்ல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி நின்னு ஒரு குதி குதிச்சு காட்டிட்டு வந்தான்.

ஆடிப்பெருக்கு விடிஞ்சுது. ஊர்ப்பெரியவரு அடிவாரத்துல நின்னு துண்டை வீசுனாரு. சடையன் சர்ருனு ஏறிட்டான். ஒண்ணாம் மேடு, ரெண்டாம் மேடு, மூணாம் மேடு. கரியராமன் களுக்கு, அம்மா! களுக்கு, ஐயோ! ரெண்டாம் மேட்டுலயே ஒரு கல்லு மேல உக்காந்துட்டான்.

அப்போ சடையன் என்ன பண்ணியிருக்கணும்? நேரா மேல போயி பூசியிருக்கணும். பண்ணுனானா? அஞ்சாம் மேட்டுல நின்னு திரும்பி பார்த்தான். இவன் உக்காந்திருக்கறதை பார்த்ததும் அவனுக்கு அடக்க முடியல. பக்கத்துல போயி நின்னு சிரிக்கணும். அதுக்காக மூணு மேடு எறங்கி வந்தான்! "என்னடா ஜிம்மு, ஷூ கடிக்குதா?"ன்னான். கரியராமன் அவன் வேட்டியை புடிச்சு இழுத்தான். சடையன் இவன் தலைமுடியை புடிச்சான். ரெண்டு பேரும் உருண்டு ஈச்சம்புதர்ல விழுந்தாங்க. முள்ளு! "விடுறா!" "நீ விடுறா!" "நீ முதல்ல விடுறா!" கழுதை வயசாச்சு ரெண்டுக்கும்.

அவங்க கத்திக்கிட்டு இருக்கும்போது, பக்கத்துல சரக் சரக்குன்னு யாரோ நடந்து போற சத்தம். யாரு சொல்லு?

வெள்ளச்சி. நிமிர்ந்த இடுப்புல சேலையை சொருகிக்கிட்டு, கையில மஞ்சள் கிண்ணத்தோட போறா. ரெண்டு பேரும் முள்ளுக்குள்ள இருந்து எட்டிப் பார்த்தாங்க.

"அக்கா! நீ எங்க போற?"ன்னான் கரியராமன்.

"மேல"ன்னா. நிக்கல.

நாலாம் மேடு, அஞ்சாம் மேடு, ஆறாம் மேடு. ஏழாம் மேட்டுல காத்து ஹோன்னு அடிக்குது. கல்லுகிட்ட போயி, கிண்ணத்துல இருந்த மஞ்சளை அள்ளி அப்புனா. அப்பிட்டு, மலை கேக்கற மாதிரி "அப்பா!"ன்னு ஒரு தடவை கூப்புட்டா.

கீழ ஒருத்தன் இழுத்தான், "பொம்பளை பூசலாமாங்க?"ன்னு. ஊர்ப்பெரியவரு அவனை மேலயும் கீழயும் பார்த்தாரு. "அவ அந்த வீட்டு ரத்தம். தன் கால்ல நடந்து போனா. முதல்ல பூசுனா. இதுல உனக்கு எது புரியல?"ன்னாரு. இத்தனை நாளா யாருக்கும் அவ ஞாபகமே வரலடி. அதுக்கு அந்த ஊரையே நிக்க வச்சு கேக்கணும்.

ம்? ம்.

சாயங்காலம் கரியராமன் உடம்பெல்லாம் முள்ளுக் கீறலோட வாசப்படிக்கு வந்து நின்னான். உள்ள வர தைரியம் இல்ல. "அக்கா, எனக்கு முட்டி வலிக்குதுக்கா"ன்னான். வந்ததுல இருந்து அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"என்கிட்ட எதுக்கு சொல்ற? சொல்ல வேண்டிய எடம் வேலியில இருக்கு"ன்னா வெள்ளச்சி.

வேலிக்கு போனான். ஊரே கூடி நின்னுச்சு. டீக்கடைக்காரன் முன்னாடியே வந்து உக்காந்துட்டான். கரியராமனுக்கு காது ரெண்டும் செவந்து போச்சு. கொடியை பார்த்து, "எனக்கு! முட்டியில வலி! கரியராமனுக்கு!"ன்னு கத்துனான். ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணாவது தடவை அழுதுட்டான். எனக்கு அந்த எடத்துல கூட அவன் மேல பெருசா எரக்கம் வரல. வெள்ளச்சிக்கு வந்துச்சு, அவ மனசு அப்படி.

அவளே பறிச்சா, அரைச்சா, தோசை சுட்டா. இவன் தின்னான். மடக்குனு ஒரு சத்தம். எழுந்து நின்னான். உக்காந்தான். மறுபடி எழுந்தான். ஒரு வலி இல்ல! தாண்டிக் குதிச்சு, "அக்கா, காலு சரியாயிடுச்சுக்கா! இப்போ என்னக்கா பண்றது?"ன்னு கேட்டான்.

வெள்ளச்சி அடுப்பை விட்டு திரும்பல. "சரியாயிடுச்சா? மூலையில குடம் இருக்கு. சுனைக்கு போயி தண்ணி எடுத்துட்டு வா. தினமும்"னா.

குடத்தை தூக்கிட்டு போயிருக்கான். ஏத்தம், பாதை வேற வழுக்கும், அவன் வர நேரமாகும். அவன் வர்ற வரைக்கும் முழிச்சிருந்து பார்க்க அவன் என்ன பெரிய ஆளா? கதை அம்புட்டுதான், நீ தூங்குடி.