நூலகத்துக்குள் ஒரு குடை

நாகர்கோவிலில் புது நூலகம் கட்டிய ஆர்க்கிடெக்ட் தாணுமாலயனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய கட்டடக்கலை இதழ் அந்த நூலகத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருந்தது. 'இங்கே உள்ளும் வெளியும் ஒன்றே' என்ற வரியைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்திலேயே மாட்டிவிட்டார். மழை வந்தால் கூரை ஒழுகும் என்பது மட்டும் இதழில் இல்லை.

அட்டைப்படம் எடுக்க இதழின் ஆசிரியை நேரில் வந்த அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒழுகுகிற இடங்களில் வாளி வைத்துக்கொண்டிருந்த நூலக உதவியாளர் பிளசி மேல் தாணுமாலயன் எரிந்து விழுந்தார்.

"ஒரு வாளிகூடக் கண்ணுல படக் கூடாது. அந்தம்மா மேல ஒரு சொட்டுகூட விழக் கூடாது. விழுந்தா நிர்வாகத்துகிட்ட சொல்லி உன் சீட்டைக் கிழிச்சிடுவேன். கூரையைப் பத்தி மூச்சு விடாதே!"

"சரி சார்" என்று வாளிகளை எடுத்துவிட்டாள் பிளசி.

ஆசிரியை உள்ளே நுழைந்ததும், பெரிய கறுப்புக் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தபடி கூடவே நடந்தாள் பிளசி.

"உள்ளே எதுக்கும்மா குடை?"

"வெளியே மழை பெய்யுதே மேடம்."

"நாமதான் உள்ளே இருக்கோமே!"

பிளசி பணிவாகச் சட்டத்தைக் காட்டினாள். "ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க?"

குடைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஆசிரியை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, நனைந்துகொண்டிருந்த தாணுமாலயனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் போட்டோகிராபரிடம், "இதை எடுங்க" என்றார்.

அடுத்த மாத அட்டையில் குடையோடு பிளசி நின்றாள். பின்னால் சொட்டச் சொட்டத் தாணுமாலயன். அந்த வாரமே கூரையைச் சரிசெய்ய ஆள் வந்தது.

கூடத்துச் சட்டத்தைக் கழற்றி, பழைய வரியை எடுத்துவிட்டு, அந்த அட்டையைச் செருகி மாட்டினாள் பிளசி.