குடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

"டீச்சரம்மா, இந்த வெள்ளை கண்ணை உறுத்துது. மேல கொஞ்சம் செங்காவி பூசிடட்டுமா?"

சோணைமுத்து கேட்டான்.

"வேண்டாம்ணே. எது குடம், எது சாந்துன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு பஞ்சவர்ணம் அடுத்த பானைச் சில்லைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

ஆற்றங்கரை மேட்டில் பழங்காலத்து உறைகிணறு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுட்ட மண்வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. தோண்டக் கற்றுக்கொடுப்பவள் பஞ்சவர்ணம். கற்றுக்கொள்ள வந்த சோணைமுத்து அவளைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் சீடன் சீடன்தான்.

"சோணைமுத்தண்ணன் கை பூ மாதிரி. அது பட்டு ஒரு சில்லுகூட உடைஞ்சதில்ல."

குழியில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவனுக்குச் சோறு மாதிரி.

அடிக்கிணற்றில் இரும்பு கூடாது. மூங்கில் சிம்பும் விரலும்தான். அது பஞ்சவர்ணம் போட்ட கட்டளை.

அந்தக் குடம் கிடைத்த அன்றைக்கு ஊற்று கசிந்தது. கறுத்த சேற்றில் ஒரு குடத்தின் தோள் தெரிந்தது. எந்தக் காலத்திலோ யார் கயிற்றிலிருந்தோ நழுவி விழுந்த குடம். முழுசாகக் கிடந்தது.

தண்ணீர் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று சோணைமுத்து இடுப்பிலிருந்த இரும்புக் கொத்தை உருவினான்.

டக்.

குடத்தின் வயிறு பிளந்துவிட்டது.

கொத்தின் முனை பதிந்த சில்லை மட்டும் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டான். மற்ற சில்லுகளின் விளிம்பில் சேற்றை அப்பித் தேய்த்தான். புது உடைசல் பளிச்சென்று சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அவற்றைக் கூடையில் போட்டு, மேலே இழுக்கச் சொல்லி ஆட்டிக் காட்டினான்.

மேலே கயிறு பிடித்து நின்றவள் பஞ்சவர்ணம்.

"உடைஞ்சா கிடந்தது?"

"ஆமா டீச்சரம்மா. உள்ளேயே உடைஞ்சுதான் கிடந்தது."

"ம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவளே கழுவினாள். அவளே ஒட்டினாள். கடைசியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பொத்தல் மிஞ்சியது.

"ஒரு சில்லு காணோம். சாந்து குழைச்சுட்டு வாங்கண்ணே. நான் அதுக்குள்ள விளிம்பைத் துடைச்சு வைக்கிறேன்."

குழைத்து எடுத்து வந்தான். அவன் கையாலேயே அடைக்கச் சொன்னாள்.

மடியில் சில்லு குத்தியது. அடைத்தான்.

அவள் விரலில் விளக்கெண்ணெய் வாசம் அடித்தது. பிள்ளைக்குத் தலை தேய்த்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தச் சில்லை வீட்டில் வைக்கவும் மனசில்லை, ஆற்றில் வீசவும் மனசில்லை. மடியிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே குடத்தைப் பார்க்க வந்தது.

"குடத்துக்குப் பக்கத்துல நீங்கதான் நிக்கணும்ணே" என்றாள் பஞ்சவர்ணம்.

நின்றான்.

"எம்புட்டு அழகா இருக்கு! இதைப் போயி உடைச்சிருக்காளே பாவி."

"கயித்துல ஒழுங்கா சுருக்குப் போடத் தெரியாத சிறுக்கி."

"மாமியாக்காரி சும்மாவா விட்டிருப்பா?"

"நல்லா வாங்கட்டும். தண்ணி சேந்துறப்ப கண்ணு எங்க மேஞ்சுச்சோ!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, தண்ணி எடுக்க வந்தவதானே உடைச்சா?"

சோணைமுத்து தலையை ஆட்டினான்.

ஆட்டிய பிறகுதான் காதோரம் சுட்டது. யாரோ ஒருத்தி. முகம்கூடத் தெரியாது. கை நழுவ விட்டாள், அவ்வளவுதான். அவள் குடம் இத்தனை காலமும் சேற்றுக்குள் முழுசாகத்தான் இருந்தது. அவள் செத்து மண்ணாகிப் போன பிறகு, அவளுக்கு ஏச்சு வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அந்தப் பெண்கள் அடுத்த குழிப் பக்கம் நகரப் போனார்கள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க."

நின்றார்கள். பஞ்சவர்ணமும் கழுவுகிற தொட்டியிலிருந்து எழுந்து வந்தாள்.

மடியிலிருந்து சில்லை எடுத்து மேசைமேல் வைத்தான். நிமிர முடியவில்லை.

"அவ இல்ல. நான்தான் உடைச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொருத்தியாக நகர்ந்து போனார்கள்.

பஞ்சவர்ணம் சில்லைப் பார்க்கவில்லை. குடத்துக்குள் கையை விட்டாள். உள்ளிருந்து பெருவிரலால் ஒரு தள்ளு.

வெள்ளைச் சாந்து, ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி முழுசாகக் கழன்று அவள் கையில் விழுந்தது.

விளக்கெண்ணெய் வாசம்.

"ஒட்டவே இல்லையே டீச்சரம்மா!"

"ஒட்டக் கூடாதுன்னுதானே தடவினேன்."

சீயக்காய்த் தண்ணீரில் நனைத்த துணியால் பொத்தலின் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சோணைமுத்து மேசைமேல் இருந்த சில்லைக் கையில் எடுத்தான்.

"நான் கடைசிவரைக்கும் இதைக் கொண்டு வராமலே இருந்திருந்தா?"

பஞ்சவர்ணம் பசைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"விளக்கெண்ணெய் லேசுல காயாதுண்ணே."