கோணையன் தின்ன ஜன்னல்கள்

ஒரு ஊர்ல இல்லீங்க, ஒரு மண்டைக்குள்ள நடந்த கதை இது. மண்டைக்குச் சொந்தக்காரர் சந்தனராஜ். தூத்துக்குடியில டெய்லர், வயசு அறுபத்தஞ்சு.

அந்த மண்டைக்குள்ள ஒரு குறுகலான சந்து. இந்தப் பக்கம் பட்டம்மா வீடு, அவகிட்ட இருக்குறது எல்லாம் மூஞ்சிங்க. அந்தப் பக்கம் பெருமாள் அண்ணாச்சி வீடு, அவர்கிட்ட இருக்குறது எல்லாம் பேருங்க. ரெண்டு பேரும் மூளை செல்லுதான். ஆனா பேச்சு, வம்பு எல்லாம் நம்ம தெரு ஆளுங்க மாதிரியேதான்.

சந்தனராஜுக்கு எதுக்க யாராவது வந்தா, பட்டம்மா ஜன்னல் வழியா ஒரு கிண்ணத்தைத் தூக்கி வீசுவா. பெருமாள் எதிர் ஜன்னல்ல நின்னு டப்புன்னு பிடிச்சு, உள்ள இருக்குற மூஞ்சியைப் பாத்துட்டு, பேரை நாக்குக்குக் கத்துவார். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் குடுத்தா மரியாதையா? அதனால ரெண்டு வாய் வம்பு போட்டு அனுப்புவார். இப்படி எதிரெதிரா நாப்பது ஜோடி ஜன்னல்!

அந்தச் சந்துல கூட்டிப் பெருக்குறவன் கோணையன். யாரும் தொறக்காத ஜன்னலைக் கழட்டித் தின்னுடுறது அவன் வேலை. சந்தனராஜ் கைக்குழந்தையா இருந்தப்ப கண்ட இடத்துலயும் ஜன்னல் முளைச்சுக் கெடந்துச்சு. அதையெல்லாம் கழிச்சு ஒழுங்கு பண்ணதே அவன்தான். நல்ல உழைப்பாளி. ஆனா கொஞ்ச நாளா சந்துக்குள்ள பிசின் மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டே வருது. அதை மிதிச்சு மிதிச்சு அவனுக்குப் புத்தி கொழம்பிப்போச்சு. பிசின் பட்ட ஜன்னல் எல்லாம் பாழ் ஜன்னல்னு முடிவு பண்ணிட்டான்.

மொறுக்.

"ஏலே கோணையா! அது நேத்துதானலே தொறந்தேன்!"

"தூசியா இருந்துச்சுக்கா."

"தூசின்னா தொடைக்கணும்லே. திங்கவா செய்வாங்க?"

"தொடைக்கிறது என் வேலை இல்லக்கா." மொறுக்.

பட்டம்மா எதிர் வீட்டைப் பாத்துக் கத்தினா. "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எம்மா, அவன் தின்னது உன் ஜன்னல். நான் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"உங்க ஜன்னலையும்தானே திங்கிறான்!"

"அது சந்துப் பக்கம் பாத்த ஜன்னல்லாம்மா? சந்து பொதுவு. பொதுவுல நான் எப்படி..."

மொறுக். அண்ணாச்சி குரல் பாதியில நின்னுபோச்சு. அதுதான் கடைசி ஜன்னல். இனி சந்துல ரெண்டு பக்கமும் வெறும் செவுருதான்.

வீடு ரெண்டும் அப்பவும் ஜம்முன்னுதான் நின்னுச்சு. பட்டம்மா மூஞ்சிகளைத் தொடச்சு அடுக்கினா. பெருமாள் பேருகளைத் தொடச்சு அடுக்கினார். 'எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்'னு ரெண்டு பேருமே நினைச்சாங்க. மறதி நோய் அந்த மண்டைக்குள்ள வந்த லட்சணம் இதுதான்!

ஒரு செவ்வாக்கிழமை காலையில சந்தனராஜ் வீட்டு கேட்டு தொறந்துச்சு. அவர் கண்ணு வழியா எட்டிப் பாத்த பட்டம்மா துள்ளிக் குதிச்சா. வந்தது சந்தனராஜோட கூடப்பொறந்த அக்கா ஜெயசீலி. பேரு நமக்குத் தெரியும், பாவம், பட்டம்மாவுக்குத் தெரியாது. ஒரு தையல் மெஷினுக்காக அக்காளும் தம்பியும் சண்டை போட்டு ஏழு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. இப்ப அவ படியில நிக்கிறா. செருப்பைக் கழட்டல. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. 'அக்கா'ன்னு ஒரு சத்தம் வந்தா உள்ள. வரலேன்னா அடுத்த பஸ்.

பட்டம்மா கிண்ணத்தை வீசினா. ணங்! செவுரு. இன்னொண்ணு. ணங்! அந்தப் பக்கம் பெருமாள் அதே பேரைத்தான் பளபளன்னு தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். அவருக்கு ஒண்ணும் கேக்கல.

சந்தனராஜ் வாயைத் தொறந்தார். "நீங்க... யாரு?"

கூடப்பொறந்தவளைப் போய் 'நீங்க'ன்னுட்டார்! ஜெயசீலி உள்ள வச்ச காலை எடுத்துட்டா.

பட்டம்மா அதே மூஞ்சியை இன்னொரு கிண்ணத்துல வச்சு எடுத்தா. ஒரே ஓட்டமா வீட்டுப் பின்பக்கம் ஓடினா. அங்க இன்னொரு சந்து. அதுக்கு அந்தப் பக்கம் கறுவாயி வீடு. பழைய பகையெல்லாம் அவகிட்டதான் பத்திரமா இருக்கும். அவ ஜன்னல் ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி மின்னுச்சு. பின்ன? ஏழு வருஷமா மூணு வேளையும் சோத்துக்கு முன்னாடி சந்தனராஜ் அக்காவைத் திட்டாத நாளே இல்லையே! தூசி உக்கார நேரம் ஏது?

"கறுவாயி, பிடிடீ!"

கறுவாயி ரெண்டு கையாலயும் பிடிச்சா.

"ஏ!" சந்தனராஜ் துள்ளி எந்திரிச்சார். "எங்கப்பா மெஷினைத் தூக்கிட்டுப் போனவதானே நீ!"

ஜெயசீலி திரும்பினா. உதடு கோணுச்சு, அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. "நானேதாம்லே!" செருப்பு ரெண்டும் ரெண்டு திசையில பறந்துச்சு.

அதுக்கப்புறம் தினமும் வந்தா. தினமும் அதே திட்டு. வாங்கிக்கிட்டு டீ குடிப்பா. பேரு மட்டும் கடைசி வரைக்கும் வரல.

ஒரு நாள் சந்தனராஜ் திட்டல. சும்மா அவளைப் பாத்துச் சிரிச்சார். பிசின் ஒட்டிப்போன பின் சந்துல மொறுக்குன்னு ஒரு சத்தம். பட்டம்மா கண்ணை மூடிக்கிட்டா.

ஜெயசீலி டீயைக் கீழ வச்சா. "ஏலே, மெஷின் எங்கன்னு கேளுலே. கேக்காம நான் நகர மாட்டேன். நான்தான் திருடி, திட்டுலே!"

கோணையன் வாயில வச்ச ஜன்னலை வெளிய எடுத்து, பட்டம்மாவைப் பாத்தான்.

"இதுல இன்னும் ஆளு நிக்குதாக்கா?"